சாமி கும்பிட ஒரு ஆள்

எல்லா வேலைக்கும் ஆள் வைத்திருந்த பண்ணையார் விருத்தகிரி, கடைசியில் சாமி கும்பிடவும் ஆள் வைத்தார். வீட்டு வேலை செய்யும் பொற்கொடிதான் அந்த ஆள்.

"தினமும் அந்தியில பூஜையறையில உட்கார்ந்து நாமம் சொல்லு. என் பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லிட்டா, பலன் எனக்கு வந்துடும்."

"அந்த நேரத்துலதான் ஐயா, நான் வீட்டுக்குப் போய் விளக்கேத்துவேன்."

"விளக்கு வேணுமா, வேலை வேணுமா?"

பொற்கொடி பூஜையறையில் போய் உட்கார்ந்தாள். அவள் குடிசை அந்திதோறும் இருண்டு கிடந்தது.

ஒருநாள் பண்ணையாருக்கு வயிற்றுவலி. வைத்தியர் கசாயம் கொடுத்துவிட்டுப் போனார்.

"கசாயம் எங்கேடி?" என்று கட்டிலில் சுருண்டபடி கத்தினார் பண்ணையார்.

"இந்த வேளைக்கு நான் குடிச்சுட்டேன் ஐயா. உங்களுக்குத்தான் கசப்பு ஆகாதே! உங்க பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லிட்டுத்தான் குடிச்சேன். வலி இன்னும் நிக்கலையா?"

"அறிவிருக்கா உனக்கு? நீ குடிச்சா என் வலி எப்படிப் போகும்?"

பண்ணையாரின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பொற்கொடி தலை நிமிராமல் சொன்னாள்: "பூஜையறையில உட்கார்ந்து தினமும் நானும் அதைத்தான் ஐயா நினைச்சேன்."

பண்ணையார் மீதிக் கசாயத்துக்குக் கை நீட்டி, முகத்தைச் சுளித்துக்கொண்டு தானே குடித்தார்.

அன்று அந்தியில் பூஜையறையில் அவர் குரல்தான் கேட்டது, கொட்டாவிகளுக்கு நடுவே. இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர்ந்த பொற்கொடி, திரியைத் தூண்டி விளக்கேற்றினாள்.