மீண்டும் வருக

தகரத் தட்டில் தண்ணீர் சொட்டும் சத்தம். அதைக் கேட்டபோது தெய்வசிகாமணி அரைக்கால் சட்டை போட்ட பையன்.

இறந்த அப்பாவைப் பெஞ்சில் கிடத்தி, அடியில் மரத்தூள் ஒட்டிய ஐஸ் பாளங்களை அடுக்கியிருந்தார்கள். சித்திரை வெயில். பம்பாயிலிருந்து அண்ணன் வந்து சேர வேண்டும். அழுகைக்கு நடுவிலும் அழுகை ஓய்ந்த பிறகும் பாளம் உருகிச் சொட்டிக்கொண்டே இருந்தது.

அண்ணன் வந்தபோது அப்பாவின் முகத்தை மூடிவிட்டிருந்தார்கள்.

அந்தப் பையன் வளர்ந்து பெரியவனானதும் ஒரு ஃப்ரீசர் பெட்டி வாங்கினான். சாவு வீடுகளுக்கு வாடகைக்கு விட்டான். தலை நரைக்கும்வரை வேறு தொழில் செய்யவில்லை.

இப்போது அந்த நரைத்த தலையோடு மலையடிவாரத்தில் சாமியம்மாவின் வாசலில் வந்து நின்றார்.

சாமியம்மா அவரைவிட இளையவள். காவி கட்டாதவள். யாருக்கும் திருநீறு கொடுத்ததில்லை. ஊர்தான் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது. மனசு குழம்பினால் அவர் பஸ் ஏறி அவளிடம்தான் வருவார்.

அவள் துவரங்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே கேள்விதானுங்கம்மா. தொழிலுக்கு ஒரு வெப்சைட் வேணும். நானே பண்ணிக்கட்டுமா, தெரிஞ்சவங்ககிட்டக் குடுத்துப் பண்ணட்டுமா?"

"உட்காருங்கண்ணா."

"உட்கார நேரமில்லீங்க."

"அப்ப நின்னுக்கிட்டே உரிங்க."

இரண்டு கை நிறையக் காயை அள்ளி நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"பக்கத்துத் தெருவுல கணக்கு வாத்தியார் தவறிட்டாருங்க. நான் அவர்கிட்டப் படிச்சவன். மகன் வெளிநாட்டுல. அக்கம்பக்கத்துல ஒரு வார்த்தை கேக்கறதுக்குள்ள, அவன் அங்கிருந்தே ஃபோன்ல தேடி சேலத்துல ஒரு கம்பெனியப் புடிச்சுட்டான். அவங்க வண்டி வழியில நின்னுபோச்சு. வந்து சேர்ந்தப்ப உச்சி வெயில். கடைசியில அவர் முகத்தையும் மூடித்தான் வச்சிருந்தாங்க."

"உங்க பெட்டி?"

"என் வீட்ல சும்மா கெடந்துச்சு."

காயை உரிக்காமல் கையில் நசுக்கிக்கொண்டிருந்தார்.

"இப்ப அந்தக் கம்பெனியே என் பெட்டிய விலைக்குக் கேக்குது. திங்கக்கிழமை வர்றாங்க. இந்தக் காலத்துல வெப்சைட் இல்லாத தொழில் நிக்காதுங்கறாங்க. குடுத்துத் தொலைச்சுட்டு எங்கயாச்சும் கோழிப் பண்ணையில வாட்ச்மேனாப் போயிரலாமான்னு இருக்குது."

"நல்ல யோசனைதான். கோழி செத்தாப் பெட்டி வேண்டியதில்ல."

அவர் சிரிக்கவில்லை.

"நானே ஃபோன்ல ராவும் பகலுமா உட்கார்ந்து ஒண்ணு பண்ணி வச்சிருக்கேன். ஈரோட்டுல தினகர்னு ஒரு தம்பி, இதையே தொழிலாப் பண்றவன், அவனும் மாதிரிக்கு ஒண்ணு அனுப்பியிருக்கான். எங்க வீட்ல சுலோச்சனா அவனோடதுதான் பளிச்சுனு இருக்குதுங்கறா. எனக்கு என்னோடதுதான் நிசமாத் தெரியுது. ரெண்டையும் பாத்து நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க."

கைபேசியை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

உள்ளே அவளுடைய கைபேசி ஒலித்தது. எழுந்து போனாள். என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. திரும்பி வந்தவள் உட்காராமல் நிலைப்படியில் நின்றாள்.

"சுலோச்சனா தவறிட்டாங்க."

காய்கள் மடியிலிருந்து உருண்டன.

"என்னம்மா சொல்றீங்க?"

"இப்பத்தான். பெட்டி வேணும். தேடுங்க."

"வெளையாடற பேச்சாம்மா இது?"

"தேடுங்க."

"காலைல இட்லி ஊத்திப் போட்டாளே. பஸ்சுக்கு நேரமாச்சுன்னு வெரட்டுனாளே."

சாமியம்மாவின் முகத்தில் ஒன்றும் இல்லை. பொய் என்று அவருக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்தார்.

மனைவியின் எண்ணை அழுத்தினார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் ஓய்ந்தது.

"கூப்பிட்டது போதும். கிடத்தியிருக்காங்க. வெயில் ஏறுது. முதல்ல அந்தத் தம்பியோடதத் திறங்க."

திறந்தார். அந்த இடத்தில் சிக்னல் ஒரு கோடுதான். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு புல்லாங்குழல் கேட்டது. மலைக்குப் பின்னால் சூரியன் உதித்தது. வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் பேரனைத் தூக்கிக்கொண்டு சிரித்தார்.

"நம்பர் எங்க?"

"வருதுங்க."

எங்கள் நோக்கம். எங்கள் சேவைகள். எங்கள் மகிழ்ச்சியான வாடிக்கையாளர்கள்.

"நம்பர்?"

"கட்டம்தான் வருதுங்க. பேரு, மின்னஞ்சல், உங்கள் செய்தி."

"என்ன செய்தி எழுதுவீங்க?"

திரையைக் கீழே தள்ளினார். அடியில் தாமரைப் பூவும் அதன் பக்கத்தில் ஒரு வரியும் இருந்தன. வாய்விட்டுப் படித்தார்.

"நன்றி. மீண்டும்..."

அடுத்த சொல்லுக்கு முன்பே நிறுத்திக்கொண்டார்.

"அதை மூடுங்க. உங்களுதத் திறங்க."

அது சட்டென்று திறந்தது. வெறும் எழுத்துதான். 'எனது தந்தையார் மறைந்த அந்தச் சித்திரை மாதத்தில்' என்று தொடங்கியது. ஐஸ் பாளம் வந்தது. சொட்டும் தண்ணீர் வந்தது. பம்பாய் அண்ணன் வந்தார். எழுதும்போது அவரே அழுத வரிகள் அவை. விரலால் தள்ளினார். அப்பா. இன்னும் தள்ளினார். அப்போதும் அப்பா.

"இது யாரு சாவு?" என்றாள் சாமியம்மா.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"செத்தது சுலோச்சனா. நம்பர் எங்க?"

"கடைசியில போட்டிருந்தேனுங்க."

"போட்டீங்களா?"

தள்ளினார். கடைசி வரி வந்தது. 'அன்று முதல் இதை ஒரு தொண்டாகவே செய்து வருகிறேன்.' அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.

கையிலிருந்த கைபேசி அதிர்ந்தது. சுலோச்சனா.

"ஏனுங்க, கூப்பிட்டீங்களாட்டிருக்குது? கிரைண்டர் ஓடிக்கிட்டு இருந்துச்சு, காதுல விழுகல."

அவர் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"யாராச்சும் தவறிட்டாங்களா? எந்த ஊருன்னு கேட்டீங்களா? வெளியூர்ல இருந்து ஆள் வரணுமா? டிரைவர வண்டி எடுக்கச் சொல்லட்டுமா? ஏனுங்க, லைன்ல இருக்கீங்களா?"

"ஒண்ணுமில்ல. வை."

வைத்த பிறகு மூச்சு விட்டார். பிறகுதான் கோபம் வந்தது.

"நீங்கெல்லாம் ஒரு பொம்பளையா? வயித்துல நெருப்பக் கொட்டிட்டு நிக்கறீங்களே!"

"கேள்வி கேட்டது நீங்கண்ணா."

எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வேலிப் படலைத் தள்ளினார். தள்ளியவர் அங்கேயே திரும்பினார்.

"இத்தனைக்கும் நீங்க பதில் சொல்லல. நானா, அந்தத் தம்பியா?"

சாமியம்மா குனிந்து சிந்திய காய்களைப் பொறுக்கினாள்.

"ஒரு வீட்ல பெட்டிய எறக்கி வைக்கறீங்க. தவறினவரை உள்ள வச்சாச்சு. கரண்டு குடுத்தாச்சு. திரும்பும்போது அந்த வீட்டுக்காரங்ககிட்ட என்ன சொல்லிட்டு வருவீங்க?"

"என்னத்தச் சொல்றது? சாவு வீட்ல போறேன்னும் சொல்லக் கூடாது, வர்றேன்னும் சொல்லக் கூடாது. ஒண்ணும் சொல்லாம வண்டி ஏறிருவேன்."

சொன்னவர் அப்படியே நின்றார்.

அவள் அடுத்த காயை உரித்தாள்.

படலுக்கு வெளியே வெயில் வெள்ளையாகக் கிடந்தது.

"வர்றேனுங்கம்மா" என்றார். அந்தச் சொல்லை முதல்முறையாகக் காதால் கேட்டவர்போல இருந்தது அவர் குரல்.

"வாங்க" என்றாள்.

பஸ் நிறுத்தத்திலிருந்து தினகரை அழைத்தார்.

"தம்பி, நான் சொல்றத அப்படியே போடுங்க. மேல நம்பர். பெருசா. தொட்டா எனக்கு மணி அடிக்கணும். அதுக்குக் கீழ, 'எந்த ஊர் என்று மட்டும் சொல்லுங்கள், வருகிறோம்.'"

"எழுதிக்கிட்டேன் சார். அப்புறம்?"

"சிக்னல் ஒரு கோடே இருக்கற காட்டுல நின்னு தேடுனாலும் சட்டுனு தெறக்கணும். ஆசுபத்திரி வாசல்ல நின்னு தேடுனாலும் நான்தான் முன்னால வரணும். அதெல்லாம் எப்படின்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

"அது என் பொறுப்பு சார். உங்க அப்பாவப் பத்தி ஏதோ எழுதியிருக்கறதாச் சொன்னீங்களே? அனுப்புங்க, சேத்துரலாம்."

"அது என்கிட்டயே இருக்கட்டும்."

"அப்ப பக்கம் காலியாத் தெரியும் சார். அடியில மட்டும் அந்த 'நன்றி, மீண்டும்...'"

"தம்பி."



"ஐயோ" என்றான் தினகர்.

திங்கட்கிழமை சேலத்திலிருந்து வந்தவர்களுக்குச் சுலோச்சனா மோர் கொடுத்தாள். பெட்டி வீட்டில் இல்லை.

நம்பியூரில் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற ருக்மாங்கதன் முந்தின நாள் மாலை இறந்துபோனார். அவர் மகள் மஸ்கட்டிலிருந்து செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தபோது அப்பாவின் முகம் மூடாமல் இருந்தது.