தர்மப் பறவையும் பண்டிதரின் பொத்திய கையும்

அந்தக் காலத்தில் மலையடிவார நாடொன்றைத் தீர்த்தகிரி என்ற ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. ஒருநாள் காட்டில் பாடிக்கொண்டிருந்த சின்னஞ்சிறு குருவியைப் பிடித்துவந்து, மறுநாள் கூண்டோடு சபை நடுவே வைத்தான்.

“இது என்ன பறவை?”

மந்திரி ஆண்டியப்பர் உற்றுப் பார்த்தார். “தெரியவில்லை மகாராஜா. அது எதைத் தின்கிறதென்று பார்த்தால் சொல்லிவிடலாம்.”

அவ்வளவுதான், அரண்மனைப் பண்டிதர் பூவராகருக்கு வாயெல்லாம் பல். மந்திரி பதவிமேல் அந்த மனுஷனுக்கு அப்படியொரு கண்! படிப்பு அரைகுறை, பட்டு அங்கவஸ்திரம் மட்டும் முழு நீளம். காலையிலேயே அவர் கூண்டைக் கவனித்திருந்தார். குருவி அரிசியைச் சீண்டவில்லை. உள்ளே வந்த ஈயை மட்டும் லபக்கென்று விழுங்கியது.

“மகாராஜா, இது தர்மப் பறவை! யோக்கியன் கையில்தான் இரை எடுக்கும். பாவி நீட்டினால் திரும்பியும் பாராது.”

ராஜாவுக்குக் குஷி பிறந்துவிட்டது. “மந்திரியாரே, நீட்டும் கையை! எடுக்காவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு நாட்டைவிட்டே போய்விடும்.”

ஆண்டியப்பர் அரிசியை நீட்டினார். குருவி முகத்தைத் திருப்பிக்கொண்டது. அடுத்துப் பூவராகர் நீட்டினார். அவர் விரலிடுக்கில் ஈசல் இருந்தது சபைக்கு எங்கே தெரியும்? குருவி கொத்திக் கொத்தித் தின்றது. பூவராகருக்கு மோதிரம் அப்போதே தன் விரலில் ஏறிவிட்ட மாதிரி இருந்தது.

ஆண்டியப்பர் மோதிரத்தைக் கழற்றினார். “போகிறேன் மகாராஜா. ஆனால் நாட்டின் முதல் யோக்கியர் தாங்கள் இருக்க, பண்டிதர் கையோடு நிறுத்தலாமா? தாங்களும் ஒருமுறை நீட்டுங்கள்.”

பூவராகர் குறுக்கே பாய்ந்தார். “வேண்டாம் மகாராஜா, கை நோகும்!”

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராஜா அரிசியோடு கையை நீட்டியே விட்டான். குருவி வாலை ஆட்டி, அவன் விரலில் எச்சமிட்டது.

“என்னங்காணும் பூவராகரே, நான் பாவியா?”

“ஐயோ, இல்லை… அதற்கு வயிறு நிறைந்துவிட்டது…”

“எதனால் நிறைந்ததாம்?” என்று மந்திரி பண்டிதரின் பொத்திய கையைப் பிடித்து விரித்தார். ஈசல்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. “மகாராஜா, அதன் மூக்கு எவ்வளவு மெல்லிசு பாருங்கள். அரிசி உடைக்கிற மூக்கா இது? பூச்சி தின்னும் ஈப்பிடிப்பான் குருவி. பாவமும் புண்ணியமும் அதற்கென்ன தெரியும்?”

ராஜா மோதிரத்தைத் தன் கையாலேயே மந்திரிக்கு மாட்டினான். கூண்டைத் திறந்துவிட்டான்.

“யோக்கியரே, குருவி காட்டுக்குப் போகிறது. நீரும் போம். வெறும் அரிசியோடு கையை நீட்டிக்கொண்டு நில்லும். அது வந்து தின்றதும் உம்மையே மந்திரியாக்குகிறேன்.”

பண்டிதர் இன்னும் அந்தக் காட்டில் நீட்டின கையோடுதான் நிற்கிறாராம். குருவிகள் வராமலில்லை, எச்சமிட மட்டும் வந்துபோகின்றனவாம்.