குடைக்காரன் சொன்ன அர்த்தம்

மருதவனம் ஜமீனில் ஆராவமுதன் என்றொரு ஆங்கில வாத்தியார் இருந்தார். அகராதியில் பாதியை விழுங்கியவர். மீதியை அடுத்தவர் தலையில் கொட்டுபவர். ஒருநாள் அடைமழை. குடைக்காரன் பேச்சிமுத்து குடை பிடிக்க, மொடமொடப்பான தலைப்பாகையோடு முற்றத்தின் நடுவே நின்று, தாழ்வாரத்திலிருந்த ஜமீன்தாரிடம் முறையிட்டார்.

"இந்தப் பயல் என் பாடத்தை ஒட்டுக் கேட்கிறான். வேலையை விட்டு விரட்டுங்கள்!"

"கேட்டது புரிந்திருந்தால் இருக்கட்டுமே. சோதித்துப் பாரும்."

வாத்தியார் மீசையை முறுக்கினார். "டேய், 'பெட்ராகிள்ட்' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்? தமிழிலும் சொல்லக் கூடாது, இங்கிலீஷிலும் சொல்லக் கூடாது. தவறினால் இன்றே மூட்டையைக் கட்டு!"

பேச்சிமுத்து பணிவாகத் தலையாட்டினான். குடையை மடக்கினான்.

வாத்தியார் பதறித் திரும்பினார், வழுக்கி விழுந்தார், எழுந்தார். தலைப்பாகை கழுத்தில் தொங்கியது, நாமம் மூக்குக்கு இறங்கியது, வேட்டியெல்லாம் சேறு.

ஜமீன்தார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பெட்ராகிள்ட் என்றால் நனைந்து அலங்கோலமான! அகராதியில் நான் மூன்று முறை படித்தும் மனத்தில் நிற்காத அர்த்தம், இதோ எதிரே நிற்கிறது! பேச்சிமுத்து, உன் வேலை உனக்கே. இதற்கு எதிர்ப்பதமும் தெரியுமாடா?"

"தெரியும் எசமான். ஆனால் அதைக் காட்ட வெயில் அடிக்க வேண்டும். அதுவரை வாத்தியார் ஐயா இங்கேயே நிற்பாரா?"