இரண்டு தம்பிகள்

யூத குருவான ரபி எல்கானாவின் மாணவர்களில் செராயாவே வயதில் மூத்தவன். கல் தச்சன், பிள்ளைகுட்டிக்காரன். பகலெல்லாம் கல் உடைத்துவிட்டு மாலையில் வந்து ரபியின் முன் உட்காருவான்.

ரபி இளமையில் கிரேக்க ஞானிகளிடமும் பாடம் கேட்டவர். "கோபம் வருவதை நம்மால் தடுக்க முடியாது. அது சொல்வதற்குத் தலையாட்டுவதா வேண்டாமா என்பதுதான் நம் கையில் இருக்கிறது" என்று அவர் சொன்ன அன்று, எல்லோருக்கும் முன்னால் ஆமோதித்தவன் செராயாதான்.

ஒரு நாள் நண்பகலில் அவன் கையில் கத்தியோடு வந்தான். சட்டையெல்லாம் ரத்தம்.

"என் தம்பி யாமின் செத்துவிட்டான், ரபீ."

யாமின் காட்டில் ஓபேத் என்பவனோடு மரம் வெட்டிக்கொண்டிருந்தான். ஓபேத் ஓங்கிய கோடரி காம்பிலிருந்து கழன்று பறந்து யாமினின் கழுத்தில் பட்டது. ஓபேத் போட்டது போட்டபடி ஓடிவிட்டான். செய்தி கேட்டு ஓடிப்போன செராயா தம்பியை மடியில் தூக்கிப் பார்த்தபோது உயிர் இல்லை.

அந்த நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. தெரியாமல் கொன்றவன் அடைக்கலப் பட்டணத்துக்கு ஓடிப் பிழைத்துக்கொள்ளலாம். அதன் வாசலைத் தாண்டும்வரை, செத்தவனின் நெருங்கிய உறவினன் அவனைக் கொன்றால் குற்றமில்லை. உள்ளே போனபின் அவனை யாரும் தொடக்கூடாது; அவனும் வெளியே வரக்கூடாது.

"அவனைக் கொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா?"

"இருக்கிறது."

"அப்படியானால் ஆசீர்வதித்து அனுப்புங்கள்."

"யாமின் எங்கே?"

"காட்டில்தான் கிடக்கிறான்."

"வா. முதலில் அவனைத் தூக்கி வந்து குளிப்பாட்டிப் புதைப்போம். அதற்குப் பிறகும் நீ போவதாக இருந்தால் நான் தடுக்கமாட்டேன்."

"அதற்குள் அவன் வாசலைத் தாண்டிவிடுவானே!"

"தாண்டட்டும்."

"செத்தது உங்கள் தம்பி இல்லை. அதனால் பேசுகிறீர்கள்."

ரபி அவன் கையைப் பிடித்தார். செராயா உதறிவிட்டுப் போனான்.

பொழுது சாயும் நேரத்தில் மலைப்பாதையில் ஒருவன் வேகமாகப் போய்க்கொண்டிருந்தான். தலையோடு மூடியிருந்த போர்வை ஓபேத்துடையது. செராயா அதைப் பலமுறை பார்த்திருக்கிறான்.

"ஓபேத்!"

அவன் திரும்பினான். கத்தியைக் கண்டதும் ஓடினான். செராயா துரத்திப்போய் முதுகில் குத்தினான்.

புரட்டிப் பார்த்தபோது அது ஓபேத் இல்லை. ஓபேத்தின் தம்பி கித்தேல். போன மழைக்கு முன்பு செராயாவின் வீட்டுக்குக் கூரை போட வந்து, கூலி வாங்காமல் போனவன். அண்ணன் காட்டில் விட்டுப்போன போர்வையையும் கொஞ்சம் ரொட்டியையும் அவனுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கக் கிளம்பியிருந்தான். குளிருக்குப் போர்வையைப் போர்த்திக்கொண்டிருக்கிறான்.

விடிந்ததும் செராயா ரபியின் முன் நின்றான். ஊராரோடு சேர்ந்து ரபி யாமினைப் புதைத்துவிட்டிருந்தார். அவர் நகங்களில் இன்னும் மண் இருந்தது.

"ரபீ, ஓபேத் என்று நினைத்துக் கித்தேலைக் கொன்றுவிட்டேன்."

ரபி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து கைத்தடியை எடுத்தார்.

"நட. அவனுடைய ஆட்கள் கிளம்பிவிடுவார்கள்."

"எங்கே?"

"இருப்பது ஒரே இடம். ஆள் தெரியாமல் கொன்றவனையும் அடைக்கலப் பட்டணம் ஏற்கும்."

"அங்கே ஓபேத் இருக்கிறானே!"

"ஆமாம்."

"நீங்கள் எதற்கு வருகிறீர்கள்?"

"மாணவன் அங்கே போனால் ஆசிரியனும் கூடப் போகவேண்டும். அதுவும் சட்டம்தான்."

அவர்கள் சுற்றுவழியில் போய்ச் சேர்வதற்குள் செய்தி முந்திக்கொண்டது. பட்டணத்து வாசலில் ஓபேத் நின்றிருந்தான். கையில் பெரிய கல்.

"ஐயா, இவன் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. இவனைக் கொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா?"

"இருக்கிறது" என்றார் ரபி.

செராயா ஓடவில்லை. தலையைக் குனிந்து நின்றான். ஓபேத் அவனை வெகுநேரம் பார்த்தான். பிறகு ரபியிடம் கேட்டான்:

"என் தம்பியைப் புதைத்துவிட்டார்களா?"

"புதைத்துவிட்டதாக வழியில் சொன்னார்கள்."

"நான் போய் ஒரு பிடி மண் போட முடியாதா, ஐயா?"

"முடியாது அப்பா. நீ இந்த வாசலைத் தாண்டக்கூடாது."

ஓபேத் கல்லைக் கீழே போட்டான். வாசலிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். ரபி செராயாவின் கையைப் பிடித்து, அழுபவனைத் தாண்டி உள்ளே கூட்டிப்போனார்.

அதற்குப் பிறகு மூவரும் அந்தப் பட்டணத்தில்தான் இருந்தார்கள். ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள். செராயாவைக் கண்டால் ஓபேத் குடத்தைப் பாதியிலேயே தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

ஒரு மாலை செராயா கேட்டான்:

"அன்று யாமினைப் புதைக்க உங்களோடு வந்திருந்தால், என் கோபம் தணிந்திருக்குமா, ரபீ?"

"தணிந்திருக்காது" என்றார் ரபி. "ஆனால் கித்தேல் உயிரோடு வீடு திரும்பியிருப்பான்."