சாத்தி சொன்ன விடை

மலைமேல் இருந்த சமணப் பள்ளியில் தருக்கம் பயின்ற பெண்களில் சாத்தியே மூத்தவள். கணவன் இறந்த பிறகு துறவுக்கு வந்தவள். பாடம் சொன்ன பெண் குருவான குரத்தியாரோ அவளைவிட வயதில் மிக இளையவர்.

சாத்திக்கு ஒரு வித்தை கைவந்திருந்தது. எந்த வேலைக்கும் விதியை மட்டும் சொன்னால் போதும். அந்த வேலை ஒருநாள் நிற்குமா, நிற்காதா என்று செய்து பார்க்காமலே சொல்லிவிடுவாள்.

“சாத்தியக்கா, ஏழு கூழாங்கல்,” என்பாள் உடன்பயிலும் குவளை. “இரட்டைப்படை என்றால் பாதியை வீசவேண்டும். ஒற்றைப்படை என்றால் ஒன்று சேர்க்கவேண்டும். ஒரே கல் மிஞ்சினால் எழுந்து போகலாம்.”

“எழுந்து போவாய்.”

“ஒன்றுக்குப் பதில் இரண்டு சேர்த்தால்?”

“முதலில் சாப்பிட்டுவிட்டு உட்கார். அப்புறம் எழுந்திருக்கவே மாட்டாய்.”

குவளையின் சிரிப்பு மலையடி வரை கேட்கும். சாத்தியின் பெயரும் அப்படித்தான் கீழே இறங்கிப் போனது.

ஒரு பௌர்ணமியன்று பள்ளியில் நல்ல கூட்டம். கோவன் என்ற உப்பு வணிகர் படியேறிச் சாத்தியிடம் வந்தார். திருவிழாக் கூட்டத்தில் மகளைத் தொலைத்தவர்.

“அடிகளே, ஓர் ஊருக்குப் போகிறேன். விசாரிக்கிறேன். அங்கே இல்லையென்றால் அடுத்த ஊர். இது என்றைக்காவது முடியுமா? உள்ளதைச் சொல்லுங்கள்.”

கூட்டம் சாத்தியின் பக்கம் திரும்பியது.

“நீர் விட்டுவந்த ஊருக்கு அவள் மறுநாளே வந்து சேரலாம்,” என்றாள் சாத்தி. “பார்த்த ஊரையே மறுபடி பார்க்கவேண்டி வரும். ஊர்கள் தீரவே தீரா. உமது தேடல் நிற்காது.”

எல்லாரும் தலையாட்டினார்கள். குவளைகூட. கோவன் கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

மழைக்காலம் வந்தது. பிச்சைக்குப் போய்த் திரும்பிய குரத்தியார், ஈரத்தோடு நின்றபடியே சாத்தியை அழைத்தார்.

“மலையடிச் சத்திரத்தில் ஒருவர் விறகு பிளந்துகொண்டிருக்கிறார். மகளைத் தேடுவதை விட்டுவிட்டாராம். அவரிடம் நீ என்ன சொன்னாய்?”

“தேடல் நிற்காது என்று.”

“நின்றுவிட்டதே.”

சாத்திக்குக் காது சுட்டது.

“நான் சொன்னதால் நின்றது, அடிகளே.”

“அப்படியானால் ‘நிற்கும்’ என்பதுதான் சரியான விடையோ?”

சாத்தி யோசித்தாள். “அதைச் சொல்லியிருந்தால், நம்பி நடந்துகொண்டே இருந்திருப்பார். அதற்கு முடிவே இல்லாமல் போயிருக்கலாம்.”

“நிற்காது என்றால் நிற்கிறார். நிற்கும் என்றால் நடக்கிறார்.”

“ஆம். கூழாங்கல் நான் சொல்வதைக் கேட்பதில்லை. அவர் கேட்டார். என் விடையைப் பார்த்துத்தான் அவர் கால் எடுத்து வைப்பார் என்னும்போது, நான் எதைச் சொன்னாலும் அது பொய்த்துப் போகலாம். அந்தக் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய விடையே கிடையாது.”

“இது உனக்கு இப்போதுதான் தெரிந்ததா?”

ஆம் என்று சொல்லிவிடலாம். குரத்தியார் நம்பிவிடுவார். அதுதான் சாத்தியால் தாங்க முடியாததாக இருந்தது.

“அன்றே தெரிந்தது,” என்றாள். “மற்றவர்கள் கேட்கும்போது கல்லைப் பார்ப்பார்கள். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.”

“பிறகு ஏன் சொன்னாய்?”

“கூட்டம் இருந்தது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.”

குரத்தியார் மேலாடையின் நுனியைப் பிழிந்தார். திட்டியிருந்தால் சாத்திக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“நான் இறங்கிப் போய் அவரைப் பார்க்கிறேன்,” என்றாள். “ஆனால் என்னவென்று சொல்வேன்?”

“சொல்வதற்காகப் போகவேண்டாம். அந்தப் பெண்ணின் பெயர் என்ன?”

“எந்தப் பெண்?”

கேட்டு வாய் மூடுமுன் சாத்திக்கு உறைத்தது. நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“கேட்கவில்லை, அடிகளே. அன்று நான் அதைக் கேட்கவே இல்லை.”

“அந்தக் கேள்விக்கு விடை உண்டு,” என்றார் குரத்தியார். “போய்க் கேள்.”