உக்கிராணத்து மிச்சம்

முன்னே ஒரு காலத்தில் வேங்கைமலை நாட்டை வீரமுட்டிராயன் என்று ஒரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். காலையில் யாராவது காதில் ஓதியதை மாலைக்குள் சட்டமாக்குவதுதான் அவன் செய்த வேலை. அப்போது காதில் ஓதிக்கொண்டிருந்தவர் உக்கிராண அதிகாரி பொன்னம்பலநாதர். உக்கிராணம் என்றால் அரண்மனை மளிகையை அடைத்து வைக்கும் கிடங்கு. காலியாகக் கிடந்த மந்திரி ஆசனத்தின்மேல் அவருக்கு ஒரு கண். ஒன்றென்ன, இரண்டு கண்ணும்தான்.

"மன்னா! துவரம்பருப்பு மூட்டை மூன்று பொன். ஆயிரம் மூட்டையாக எடுத்தால் இரண்டே பொன். இந்த மாதம் ஆயிரம் மூட்டை எடுத்து ஆயிரம் பொன் மிச்சம் பிடித்துவிட்டேன்!" என்றார் ஒருநாள்.

"பலே! மாதாமாதம் இப்படியே செய்யும். ஆகிற மிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு உமக்கு!" என்று ராஜா ஓலை எழுதி முத்திரை குத்தினான்.

அரண்மனைக்கு மாதம் இருபது மூட்டை போதும். அதை ராஜாவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆறு மாதம் இப்படியே போனது. அதோடு விட்டாரா? "குடிமக்கள் ஆழாக்கும் உழக்குமாக வாங்கிக் காசைக் கரைக்கிறார்கள். ஊதாரிகள்! எல்லோரும் மூட்டையாகத்தான் வாங்க வேண்டும் என்று ஆணை போடுங்கள். மீறினால் சமையல் பானை பறிமுதல்!" என்றார். அதற்கும் முத்திரை விழுந்தது.

அநியாயத்தைப் பாருங்கள்! அன்றன்று கூலி வாங்கி அன்றன்று உலை வைக்கிறவள் மூட்டைக்கு எங்கே போவாள்? ஒரு பிடி பருப்பில் நாலு வயிற்றுக்குக் குழம்பு வைக்கிறவளுக்கு, பொன் தட்டில் சாப்பிடுகிறவர் சிக்கனம் சொல்லிக்கொடுக்கிறார்! எனக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

செங்கல் சூளையில் கல் சுமக்கும் குருவம்மாள் ஆழாக்குப் பருப்பை முந்தானையில் முடிந்துகொண்டு போனபோது காவலர் பிடித்தார்கள். வீட்டிலிருந்த மூன்று பானைகளையும் தூக்கிப் போய்விட்டார்கள். பிள்ளைகள் பட்டினி. மறுநாள் பொழுது விடிந்ததும் அவள் நேரே சபைக்கே வந்து நின்றாள்.

"என் பானையைக் குடுங்க மகாராசா."

"இவள்தான் அந்த ஊதாரி!" என்று துள்ளினார் பொன்னம்பலநாதர். "மூட்டையாக வாங்கினால் எவ்வளவு மிச்சம் தெரியுமா உனக்கு?"

"என்கிட்ட இருந்தது ஒத்தைக் காசு. அதுக்கு மூட்டையில எந்த மூலையைக் கிழிச்சுக் குடுப்பீங்க?"

சபை சிரித்தது. ராஜா மட்டும் சிரிக்கவில்லை.

"ஐயா எவ்வளவு மிச்சம் பிடிச்சிருக்காரு?" என்று கேட்டாள் அவள்.

"ஆறு மாதத்தில் ஆறாயிரம் பொன்!" என்று மார்தட்டினார் அதிகாரி.

"அந்த மிச்சத்தை என் கண்ணுல காட்டுங்க. பானையே வேணாம்னு போயிடுறேன்."

"நியாயம்தானே! கொண்டுவாரும்," என்றான் ராஜா.

பொக்கிஷக்காரர் எழுந்தார். "மன்னா, பருப்புக்காகப் பொக்கிஷத்திலிருந்து பன்னிரண்டாயிரம் பொன் போனது. திரும்ப ஒரு பொன்னும் வரவில்லை."

"அப்படியானால் மிச்சம் எங்கே ஐயா?" என்று அதிகாரியைக் கேட்டான் ராஜா.

அவசரத்தில் அதிகாரியின் வாய் உளறியது. "மிச்சமெல்லாம்... உக்கிராணத்தில் பத்திரமாக இருக்கிறது மன்னா!"

"அப்ப வாங்க, பாப்போம்," என்று குருவம்மாள் முன்னே நடந்தாள். சபையே பின்னால் போனது.

கதவைத் திறந்ததும் மக்கல் நாற்றம் முகத்தில் அடித்தது. ஒரு மூட்டையை அவிழ்த்தார்கள். பருப்பைக் காணோம், வண்டுதான் ஓடியது. அடுத்த மூட்டையில் புழு.

"இதோ இருக்கு மகாராசா. தின்னது போகக் கெட்டுக் கிடக்கிறதுக்கும் எங்க வீட்டுல மிச்சம்னுதான் பேரு."

ராஜாவின் முகம் சிவந்தது. "எத்தனை மூட்டை?"

"ஐயாயிரத்து எண்ணூற்று எண்பது," என்றார் உக்கிராணக் கணக்கர், ஏட்டைப் புரட்டி.

"பொன்னம்பலநாதரே, ஓலை எழுதினது எழுதினதுதான். மிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு உமக்கு. ஐந்நூற்று எண்பத்தெட்டு மூட்டை! தீரும்வரை உம் வீட்டில் வேறு பருப்பு வேகக்கூடாது."

"ஐயோ மன்னா! பெண்டாட்டி பிள்ளைகள் என்ன ஆவார்கள்?"

"பிள்ளைங்க என்ன பாவம் செஞ்சுச்சு?" என்று குறுக்கே பாய்ந்தாள் குருவம்மாள். "அவரு மட்டும் தின்னட்டும்."

ராஜாவுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்தது. "கெட்டிக்காரிதான் நீ! நூறு பொன் தருகிறேன், வாங்கிக்கொள்."

அவள் கை நீட்டவில்லை. "வந்ததுல இருந்து பானையைத்தான் கேக்கிறேன். ராத்திரி பூரா எம்புள்ளைங்க பச்சைத்தண்ணி குடிச்சுட்டுப் படுத்துச்சுங்க. ஐயா யோசனைதான் சொன்னாரு. முத்திரை குத்தினது யாரு மகாராசா?"

அதிகாரிகூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

ராஜா அவள் பானைகளைக் கொண்டுவரச் சொன்னான். அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி, அந்த மூட்டைகளில் மிஞ்சிய புழுத்த பருப்பில் ஒரு ஆழாக்கை அங்கேயே வேகவைக்கச் செய்தான். சபை பார்க்கத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதல் கவளத்தை அவனே வாயில் போட்டான். கண்ணில் நீர் முட்டியது. துப்பவில்லை, மென்று விழுங்கினான்.

பிறகு சொன்னான்: "அந்தப் பானையை நன்றாகத் தேய்த்து இந்த அம்மாவிடம் கொடுங்கள். ஆணையைக் கிழியுங்கள்."