எலியா கேட்ட அறை

உபதேசியார் வேதமாணிக்கம் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போதகரைப் பார்க்க வந்தார். எழுத்து அச்சடித்தாற்போல் இருந்தது. அடித்தல் திருத்தல் ஒன்றுமில்லை.

பதினெட்டு ஆண்டுகளாக அவர் உபதேசியார். குருப்பட்டம் பெற்றுப் போதகராவதற்கு முன் ஓராண்டுக் காலம் அவர் ஒரு போதகரிடம் பயில வேண்டும் என்று திருமண்டலத்தார் சொல்லியிருந்தனர். அவர்கள் அனுப்பிவைத்த போதகர் கிருபைமணி ஒரு பெண். உபதேசியாரைவிடப் பதின்மூன்று வயது இளையவர். தொடக்கத்தில் அது வேதமாணிக்கத்துக்குக் கசந்தது. இப்போது கசப்பு இல்லை. கேள்வி கேட்டால் அந்த அம்மாள் நேராகப் பதில் சொல்வதில்லை என்ற குறை மட்டும் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை வாசிக்கிறதுக்குக் கண்டன அறிக்கை எழுதியிருக்கேன், போதகரம்மா. நடந்த அநியாயத்துக்கு நம்ம சபை சொல்ற பதில் இது. போதுமான்னு பார்த்துச் சொல்லுங்க."

நடந்த அநியாயத்தை ஊர் அறியும். தான்சானியாவிலிருந்து பொறியியல் படிக்க வந்தவன் எலியா கிமாரோ. இருபத்திரண்டு வயது. சபையின் பாடகர் குழுவில் கட்டைக் குரல் அவனுடையது. ஊருக்குள் அவனுக்கு வாடகைக்கு இடம் கிடைக்கவில்லை. குளத்துக்கு அப்பால், ஏழு கிலோமீட்டர் தள்ளி, ஒரு கிடங்கின் பின்புறத்தில் தங்கியிருந்தான். ஒரு பிற்பகலில் வயிற்றுவலி கண்டது. நான்கு ஆட்டோக்கள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிற்காமல் போயின. நடந்தான். வழியில் இருந்த சிறிய மருத்துவமனையின் காவலாளி, குடித்திருக்கிறான் என்று சொல்லிக் கதவைத் திறக்கவில்லை. பால் வண்டிக்காரர் ஒருவர் அவனைத் தூக்கிப்போட்டுக்கொண்டு பெரிய மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது குடல்வால் வெடித்துவிட்டிருந்தது. காலம் கடந்துவிட்டது என்றார்கள்.

சபைக் கல்லறைத் தோட்டத்திலேயே அவனை அடக்கம் செய்தார்கள். விசா கிடைக்காமல் வீட்டார் எவரும் வர இயலவில்லை.

ஊர் அறியாத ஒன்றும் உண்டு. அதை வேதமாணிக்கம் அறிவார். பெரிய மருத்துவமனைக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவருடைய வீடு. மாடியில் ஓர் அறை. சென்ற கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் எலியா வந்து அதைக் கேட்டான். "ஆள் வந்தாச்சு, தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒருவரும் வந்திருக்கவில்லை. இன்றுவரை வரவில்லை.

போதகர் நான்கு பக்கத்தையும் படித்தார்.

"ஆட்டோக்காரங்க, காவலாளி, கல்லூரி, போலீஸ். ஒருத்தரையும் விடல நீங்க."

"விடக்கூடாதும்மா."

"ஆமா. விடக்கூடாது."

தாள்களை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"எலியாவோட அக்கா தபித்தாள் நாளைக் காலையில வர்றாங்க. இப்பத்தான் விசா கெடச்சிருக்கு. எங்க தங்கவைக்கலாம்?"

"லாட்ஜ் இருக்கேம்மா."

"ரெண்டு லாட்ஜில கேட்டேன். பாஸ்போர்ட் இருக்கான்னாங்க. இருக்குன்னேன். எந்த நாடுன்னாங்க. சொன்னேன். ரூம் இல்லேன்னுட்டாங்க."

"உங்க வீட்டுல..."

"எங்கப்பா படுத்த படுக்கையா கெடக்கார். இருக்கிற ஒரே அறை அவருக்கு. உங்க மாடி எப்படி? காலியா?"

வேதமாணிக்கம் தாள்களை இன்னொரு மடிப்பு மடித்தார். "காலியாத்தான் இருக்கு."

"ரொம்ப சந்தோஷம்."

"நான் கேட்டதுக்குப் பதில் வரலையே, அம்மா. அறிக்கை போதுமா?"

"மாடியைக் கூட்டி வைங்க, உபதேசியாரே. தூசி இருக்கும்."

வீட்டில் அவர் மனைவி சொர்ணபாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு இடுப்பில் கையை வைத்தார்.

"ஆள் வந்தாச்சுன்னு அன்னைக்குச் சொன்னீங்களே, அந்த ஆளு இப்பத்தான் வாறாங்களாக்கும்?"

"மெதுவாப் பேசு. எதிர்வீட்டுல கேக்கும்."

"கேக்கட்டும். எதிர்வீட்டுக்காரர் என்ன சொல்லுவாரோன்னுதான அந்தப் பிள்ளைய அனுப்புனீங்க? கருப்பா இருக்கான், தெருவுல நாலு பேரு பேசுவாங்கன்னு! எங்கப்பாவ விடவா கருப்பு அந்தப் பிள்ள?"

"உங்கப்பாவ எதுக்கு இதுல இழுக்க?"

"அவரு போய்ச் சேந்துட்டாரு. இழுத்தா வலிக்காது."

துடைப்பத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "போங்க. நீங்களே கூட்டுங்க."

அவரே கூட்டினார். அறை சிறியதுதான். ஒரு கட்டில், ஒரு மேசை, மேற்கே ஒரு சன்னல். ஒரு மாணவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டியிருந்திருக்கும் என்று நினைத்தார். துடைப்பம் நின்றது. மீண்டும் கூட்டினார்.

மறுநாள் போதகர் தபித்தாளை அழைத்து வந்தார். நெடிய உருவம். தம் நாட்டில் ஒரு கிராமப் பள்ளியில் ஆசிரியை. படியில் கால் வைத்தவர் நின்றார். படிக்கட்டையே பார்த்தார். அதற்கு நீல வண்ணம் பூசியிருந்தது. மேலே ஏறிச் சன்னலைத் திறந்தார். வேப்பமரத்துக்கு மேலே பெரிய மருத்துவமனையின் பெயர்ப்பலகை தெரிந்தது. அது என்ன கட்டடம் என்று கேட்டார். போதகர் சொன்னார். எவ்வளவு தூரம் என்று கேட்டார். அதையும் சொன்னார்.

வேதமாணிக்கம் பெட்டியைக் கையில் பிடித்தபடியே வாசலில் நின்றிருந்தார்.

தபித்தாள் கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைச் சொர்ணபாயிடம் காட்டினார். செய்தித்தாள் துண்டின்மேல் ஆறு முந்திரிக்கொத்து உருண்டைகள். ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். போதகர் தமிழில் சொன்னார்.

"கிறிஸ்துமஸுக்கு முன்னால தம்பி எழுதினானாம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ஒரு வீட்டுல அறை கேட்டேன், அதுக்குள்ள வேற ஆள் வந்துட்டாங்க, ஆனா அந்த அம்மா என்னை வெறுங்கையோட அனுப்பலைன்னு. மூணு நாள் வெச்சுச் சாப்பிட்டானாம். மாடிப்படி நீலமா இருக்கும்னு எழுதியிருக்கான். அது நீங்கதானான்னு கேக்குறாங்க."

சொர்ணபாய் தலையை ஆட்டினார். தபித்தாள் அவரைச் சேர்த்துக் கட்டிக்கொண்டார். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாத இரண்டு பெண்களும் ஒரே குரலில் அழுதார்கள்.

பிறகு தபித்தாள் வேதமாணிக்கத்தின் பக்கம் திரும்பி, அவருடைய வலக்கையைத் தம் இரு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

"இடம் இல்லாதபோதும் இரக்கம் இருந்தது. நன்றி" என்று மொழிபெயர்த்தார் போதகர்.

முன்பு இருந்தவர் காலி செய்துவிட்டுப் போயிருப்பார் என்று தபித்தாள் எண்ணிக்கொண்டார் போலும். ஒன்றும் கேட்கவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். வேதமாணிக்கம் "சாப்பிட வாங்க" என்றார்.

சனிக்கிழமை காலையில் அவர் போதகரைத் தேடிப் போனார். போதகர் தம் தந்தைக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம். துக்கத்துல இருக்கிறவங்களுக்கு ஒரு காரியம் ஆறுதலா இருக்கு. அந்தக் காரியத்துல பாதி பொய். அதைக் கலைக்கிறது நியாயமா?"

போதகர் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார்.

"ஆறுதல் அவங்களுக்கா, உபதேசியாரே? உங்களுக்கா?"

பிறகு கரண்டியை எடுத்துத் தந்தையின் வாயருகே கொண்டுபோனார்.

ஞாயிறு காலை ஆலயம் நிரம்பியிருந்தது. நினைவு ஆராதனையின் நடுவில் தபித்தாள் எழுந்து பலிபீடத்தின் முன் வந்து நின்றார். போதகர் அருகில் நின்று தமிழாக்கினார்.

"எங்கள் வீட்டில் யாராவது இறந்தால், அவருக்கு நன்மை செய்தவர்களை என் அப்பா பெயர் சொல்லி அழைத்து நன்றி சொல்வார். அப்பாவால் வர முடியவில்லை. அவருக்குப் பதிலாக நான் சொல்கிறேன். பால் வண்டி ஓட்டும் சுடலைமுத்து யார்?"

கடைசிப் பெஞ்சில் ஒருவர் திடுக்கிட்டு எழுந்தார். நெற்றியில் திருநீறு. தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நான்தாம்மா. நான் ஒண்ணும் பெருசா செய்யலியே. லேட்டாப் போய்ட்டேன்."

"நீங்கள் நிறுத்தினீர்கள்" என்றார் தபித்தாள். "என் தம்பியின் தலை கடைசியாகச் சாய்ந்தது உங்கள் தோளில். நன்றி."

சுடலைமுத்து உட்கார மறந்து நின்றுகொண்டே இருந்தார்.

அடுத்து, மெஸ் நடத்தும் பாக்கியத்தைக் கூப்பிட்டார். எலியாவுக்கு மட்டும் இரண்டாம் முறை சாம்பாருக்குக் கணக்குப் பார்க்காதவர் அவர். "பின்ன என்ன, அவன் சாப்பிடுற அழகுக்குச் சட்டியோட குடுக்கலாம்" என்று அவர் அழுதுகொண்டே சொல்ல, ஆலயம் சிரித்தது. சிரித்தபடியே கண்ணைத் துடைத்தது. தமிழ் எழுத்துகளை அவனுக்குக் கற்பித்த பாடகர் குழுத் தலைவருக்கு நன்றி சொன்னார். கடைசியாக, நீலப் படிக்கட்டு வீட்டாரின் பெயருக்கு வந்தார்.

"தங்களிடம் இடம் இல்லாதபோதும் அவனை இனிப்போடு அனுப்பிய சொர்ணபாய்க்கும் வேதமாணிக்கத்துக்கும் நன்றி. இந்த ஊரைப் பற்றி என் தம்பி கசப்பாக ஒரு வரி எழுதியதில்லை. அதற்குக் காரணமானவர்கள் நீங்கள்."

அடுத்து, அறிக்கை வாசிக்க வேதமாணிக்கத்தை அழைத்தார்கள்.

அவர் நான்கு பக்கங்களையும் விரித்துப் பிடித்தார். எதிரே அறுபது எழுபது முகங்கள். முன்வரிசையில் தபித்தாள், அவர் அருகே சொர்ணபாய். மனைவியின் கண்கள் அவர்மேல் இருந்தன. தாளில் எழுத்துகள் அச்சடித்தாற்போல் நின்றன. அவற்றில் ஒன்றையும் அவரால் வாசிக்க முடியவில்லை.

"அறை காலியா இருந்துச்சு" என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"எலியா கேட்டப்போ எங்க மாடி காலியாத்தான் இருந்துச்சு. ஆள் வந்தாச்சுன்னு நான் பொய் சொன்னேன். அவன் நிறத்தைப் பார்த்துச் சொன்னேன். அன்னைக்குக் குடுத்திருந்தா, அவன் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிருப்பான்."

தமிழ் தெரியாத தபித்தாள் போதகரின் முகத்தைப் பார்த்தார். போதகர் வேதமாணிக்கத்தின் முகத்தைப் பார்த்தார்.

"மொழிபெயர்க்கட்டுமா, உபதேசியாரே?"

வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அத்துடன் முடிந்திருக்கும். சபை மெல்ல மறந்திருக்கும். தபித்தாள் நன்றியோடு விமானம் ஏறியிருப்பார்.

"சொல்லுங்க, அம்மா. ஒண்ணும் குறைக்காம சொல்லுங்க."

போதகர் சொன்னார். ஒன்றும் குறைக்கவில்லை, ஒன்றும் கூட்டவுமில்லை.

தபித்தாளின் விரல்கள் சொர்ணபாயின் கைக்குள் இருந்தன. அவற்றை மெல்ல விடுவித்துக்கொண்டார். இரண்டு விரல்களை உயர்த்தி, வேதமாணிக்கத்திடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார்.

"இரண்டு தெருவா என்று கேட்கிறார்."

"ஆமா. ரெண்டு தெரு."

பெஞ்சுகளில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. சபையில் வாடகை வீடு வைத்திருந்தவர்கள் இன்னும் பலர் இருந்தார்கள்.

அதன்பின் வேதமாணிக்கம் அறிக்கையை வாசித்தார். ஆட்டோக்காரர்கள், காவலாளி, கல்லூரி, காவல்துறை, ஒருவரையும் விடவில்லை. குரல் மட்டும் எழுதியபோது அவர் மனத்தில் கேட்ட குரலாக இல்லை.

அன்று மாலை தபித்தாள் மாடியிலிருந்து இறங்கி வந்தார். பெட்டியோடு புறப்பட்டுவிட்டாரோ என்று வேதமாணிக்கம் எழுந்தார். கையில் பெட்டி இல்லை. போதகரை அருகில் இருத்திக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்து பேசினார்.

"இனிப்புக்குச் சொன்ன நன்றியை நான் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அது என் தம்பி சொன்ன நன்றி. அறையைப் பற்றி என்னிடம் இன்று ஒரு சொல்லும் இல்லை. நாளை இருக்குமா என்பதும் தெரியாது. அந்த அறிக்கையில் இந்த அறையையும் எழுதுங்கள். எழுதி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். எனக்கு ஒரு பிரதி வேண்டும். என் அப்பாவுக்கு நடந்தது முழுவதும் தெரிய வேண்டும்."

ஐந்தாம் பக்கம் ஒன்று சேர்ந்தது. அதில் அடித்தலும் திருத்தலும் நிறைய இருந்தன. சொர்ணபாய் வாசித்துப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் உங்க கையெழுத்து மாதிரி இருக்கு" என்றார்.

அடுத்த மூன்று நாளும் தபித்தாள் அந்த அறையிலேயே தங்கினார். குளத்துக்கு அப்பால் போய்த் தம்பியின் துணிகளையும் புத்தகங்களையும் எடுத்து வந்தார். அவனோடு தங்கியிருந்த அவர்கள் நாட்டு மாணவன் யோசபாத் இன்னும் அந்தக் கிடங்கின் பின்புறத்தில்தான் இருக்கிறான் என்று, சாப்பிடும்போது சொன்னார். தட்டிலிருந்து தலையை உயர்த்தி வேதமாணிக்கத்தைப் பார்த்தார்.

வியாழக்கிழமை பேருந்து நிலையத்தில் விடைபெறும்போது, சொர்ணபாய் கட்டிக்கொடுத்த பொட்டலத்தை வாங்கிக் கைப்பையில் வைத்தார். பின்னர் வேதமாணிக்கத்தின் கையைப் பற்றினார். முன்போல் இரு கைகளாலும் அல்ல, ஒரு கையால். "நன்றி" என்றார். தமிழிலேயே சொன்னார்.

பேருந்து போயிற்று. சொர்ணபாய் கண்களைத் துடைத்துக்கொண்டு காய் வாங்கப் போனார். குருவும் சீடருமாக இருவர் மட்டும் நின்றார்கள்.

"அவங்க என்னை மன்னிச்சுட்டாங்களா, அம்மா? நான் கேட்டிருக்கணுமோ?"

"கேக்காதீங்க. அழுதுக்கிட்டு இருக்கிறவங்களுக்கு நாம வேலை வைக்கக் கூடாது."

வேதமாணிக்கம் மீண்டும் கேட்டார்.

"அப்ப எதுக்கு நன்றி சொன்னாங்க? அது எனக்கு உரியது இல்லையே."

எதிர்ப்புறத்தில், யோசபாத் இருக்கும் கிடங்கின் பக்கமாகக் குளத்துக்கு அப்பால் போகும் பேருந்து ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது.

"இன்னும் இல்லை" என்றார் போதகர்.